மரத்துப்போன கன்னம் சொல்லும் செய்தி

வலித்தால்தான் நோய் என்பது நம் மக்களிடம் ஊறிப்போன எண்ணம். பல் வலித்தால் மருத்துவரிடம் ஓடுகிறோம். நெஞ்சு வலித்தால் இரவோடு இரவாக மருத்துவமனைக்குப் போகிறோம். ஆனால், கீழுதட்டின் ஒரு பாதி மரத்துப்போனாலோ, கன்னத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தாலோ, ‘வாயுவாக இருக்கும்’, ‘பனிக்காற்று பட்டிருக்கும்’ என்று நாமே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். பெரும்பாலும் அது சாதாரணக் காரணமாகவே இருக்கவும் கூடும். சில வேளைகளில் மட்டும் அந்த மரப்பு, வாயிலோ உமிழ்நீர்ச் சுரப்பியிலோ தோன்றிய புற்றுநோய், நரம்பைப் பற்றிக்கொண்டு கபாலத்தின் அடித்தளத்தை நோக்கி நகரத் தொடங்கிவிட்டது என்பதற்கான முதல் அறிகுறியாக அமைந்துவிடுகிறது.

புற்றுநோய் ரத்தத்தின் வழியாகப் பரவும், நிணநீர் வழியாகப் பரவும் என்பது பலரும் அறிந்த செய்தி. கழுத்தில் கட்டி தெரிந்தால் சந்தேகப்பட வேண்டும் என்ற அளவுக்கு விழிப்புணர்வும் வளர்ந்திருக்கிறது. நரம்பு வழியாகவும் அது பரவும் என்பது, மருத்துவ உலகுக்கு 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே தெரிந்த உண்மை என்றாலும், பொதுமக்களை இன்னும் வந்தடையவில்லை. அன்றைய மருத்துவர்கள் அதை இறந்தோரின் உடற்கூறாய்வில்தான் கண்டனர். உயிரோடிருக்கும் நோயாளியின் முகத்துக்குள் ஒரு நரம்பின் பாதையைத் தொடர்ந்து சென்று பார்க்கும் ஆற்றல், எம்ஆர்ஐ ஸ்கேன் வந்த பிறகு, ஏறத்தாழக் கடந்த 40 ஆண்டுகளில்தான் நமக்குக் கிடைத்தது.

இந்தக் கட்டுரையாளர் மருத்துவர் அல்லர். கல்லூரியில் பொருளியல் கற்பித்தவர். ஆயினும் இந்தப் பொருளைப் பற்றி எழுதத் துணிவதற்குக் காரணம் உண்டு. நரம்பு வழிப் பரவலைக் கண்டறியும் கருவி நாட்டில் இருக்கிறது. கண்டறியத் தெரிந்த நிபுணர்களும் இருக்கிறார்கள். ஆனால், சரியான கேள்வி சரியான நேரத்தில் சரியான இடத்துக்குப் போய்ச் சேருவதில்லை. இது மருத்துவம் சார்ந்த சிக்கல் மட்டுமன்று. தகவல் சார்ந்த, செலவு சார்ந்த, தொலைவு சார்ந்த சிக்கலும் ஆகும். பள்ளிப்பட்டு போன்ற எல்லையோர ஊர்களிலிருந்து பார்க்கும்போது இது இன்னும் தெளிவாகப் புலப்படும்.

எல்லையோர ஊரும் வாய்ப் புற்றும்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கு மூலையில், ஆந்திர எல்லையை ஒட்டி, கொசஸ்தலை ஆற்றின் போக்கில் அமைந்திருக்கிறது பள்ளிப்பட்டு. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த எல்லைச் சீரமைப்பின்போது, சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழகத்துக்கு வந்து சேர்ந்த பகுதி இது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் ஊர். சுற்றிலும் வேளாண்மை, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பகுதிகளில் நெசவு. சந்தைக்கும் கல்யாணத்துக்கும் எல்லையைக் கடந்து நகரிக்கும் புத்தூருக்கும் போய்வருவது இங்கே அன்றாட வாழ்க்கை. சென்னைக்கோ நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தாக வேண்டும்.

இந்த ஊருக்கும் நாட்டின் பிற சிற்றூர்களுக்கும் பொதுவான ஒரு பழக்கம் உண்டு. வெற்றிலை, பாக்கு, புகையிலை, அண்மைக் காலமாகக் குட்கா, பான் மசாலா ஆகியவற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வேலை பார்ப்பதுதான் அது. 2016-17-இல் நடத்தப்பட்ட உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் 28.6 சதவீதம் பேர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துகின்றனர், 21.4 சதவீதம் பேர் புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துகின்றனர். புகைப்பவர்களைவிட மெல்பவர்களே நம் நாட்டில் அதிகம். புகையிலை சேராத பாக்கும்கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2003-இல் முடிவு செய்தது.

விளைவு என்ன? 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 1.4 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் புதிதாக உதடு, வாய்ப் புற்றுநோய் ஏற்பட்டதாகவும், ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் அதனால் இறந்ததாகவும் சர்வதேச மதிப்பீடு கூறுகிறது. இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான். மேலை நாடுகளில் வாய்ப் புற்று பெரும்பாலும் நாக்கில் வருகிறது. நம் நாட்டில் கன்னத்தின் உட்புறமும் ஈறும் சேரும் மடிப்பில், அதாவது புகையிலையை அடக்கிவைக்கும் இடத்திலேயே அதிகம் வருகிறது. அந்த மடிப்புக்கு அடியில், கீழ்த்தாடை எலும்புக்குள்தான் கீழுதட்டுக்கும் பற்களுக்கும் உணர்வு தரும் நரம்பு ஓடுகிறது. நரம்பு வழிப் பரவல் என்பது நமக்கு ஏன் தொலைதூர விஷயம் அன்று என்பதை இந்த ஒரு செய்தியே விளக்கும்.

நரம்பு என்னும் நெடுஞ்சாலை

முகத்தின் உணர்வை மூளைக்குக் கொண்டுசெல்வது முப்பிரிவு நரம்பு. பெயருக்கு ஏற்ப அது மூன்றாகப் பிரிகிறது. முதல் பிரிவு நெற்றிக்கும் கண்ணுக்கும், இரண்டாவது மேல்தாடைக்கும் கன்னத்துக்கும், மூன்றாவது கீழ்த்தாடைக்கும் நாக்குக்கும் உரியவை. இவை ஒவ்வொன்றும் கபாலத்தின் அடித்தளத்தில் உள்ள ஒரு திறப்பின் வழியாக வெளியே வருகின்றன. முகத்தசைகளை அசைக்கும் முக நரம்பு, காதுக்குப் பின்புறம் உள்ள மற்றொரு சிறு துளை வழியாக வெளிவந்து, கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பியை ஊடுருவிக் கிளை பரப்புகிறது.

மூளையிலிருந்து முகத்துக்கு வரும் இந்தப் பாதை, முகத்திலிருந்து மூளைக்குப் போகும் பாதையும் ஆகும். மேலண்ணத்தில் தோன்றிய புற்று, அண்ண நரம்பைப் பற்றி ஏறினால், மேல்தாடைக்குப் பின்னால் உள்ள ஒரு சிறு பள்ளத்தை அடையும். பல நரம்புகள் கூடும் சந்திப்பு அது. அங்கிருந்து கண்குழிக்கும் போகலாம்; கபாலத்துக்குள்ளும் நுழையலாம். கீழ் ஈற்றுப் புற்று, தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பின் வழியே ஏறி, காதுக்கு முன்புறம் உள்ள ஆழமான பகுதியைக் கடந்து, கபால அடித்தளத்தின் நீள்வட்டத் துளையை எட்டலாம். முப்பிரிவு நரம்பும் முக நரம்பும் சில இடங்களில் கிளைகளால் இணைந்திருப்பதால், ஒன்றில் ஏறிய நோய் மற்றொன்றுக்கு மாறிக்கொள்வதும் உண்டு.

புற்றணுக்கள் ஏன் நரம்பை நாடுகின்றன? நரம்பு உறை எளிதாகக் கடக்கக்கூடிய இடைவெளியாக இருப்பதால் அவை அதன் வழியே கசிகின்றன என்றே முன்பு கருதினர். இன்றைய விளக்கம் வேறு. நரம்பும் அதன் உறையணுக்களும் சில வளர்ச்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. புற்றணுக்கள் அவற்றால் ஈர்க்கப்படுகின்றன. பதிலுக்குத் தாமும் சிலவற்றைச் சுரந்து நரம்பைத் தூண்டுகின்றன. இருபுறமும் நடக்கும் இந்த வேதியியல் உரையாடலே பரவலுக்கு அடிப்படை என்கின்றனர் ஆய்வாளர்கள்.

உமிழ்நீர்ச் சுரப்பிகளில் வரும் ‘அடினாய்ட் சிஸ்டிக் கார்சினோமா’ என்னும் அரிய வகைப் புற்று, நரம்பை நாடுவதில் பேர்பெற்றது. மெதுவாக வளரும், சிகிச்சை முடிந்து பத்தாண்டுகள் கழித்தும் திரும்பி வரும். சாதாரண வாய்ப் புற்று வகையில் நரம்பு வழிப் பரவலின் விகிதம் அதைவிடக் குறைவு. எனினும் விகிதம் வேறு, எண்ணிக்கை வேறு. ஆண்டுக்கு 1.4 லட்சம் பேருக்கு வரும் நோயில் சிறிய விகிதம்கூடப் பெரிய எண்ணிக்கையாகிவிடும்.

அறிகுறிகள் பெரும்பாலும் ஏமாற்றக்கூடியவை. ஒரு பக்க உதட்டிலோ, தாடையிலோ, கன்னத்திலோ மரப்பு, ஊசி குத்துவது போன்ற அல்லது எரிவது போன்ற உணர்வு, மெல்லும்போது ஒரு பக்கத் தாடைக்கு வலுவின்மை, படிப்படியாக வாய் கோணுதல், இரட்டைப் பார்வை. பல்வலி என்று கருதிப் பல்லைப் பிடுங்குவதும், முகவாதம் என்று எண்ணி மந்திரிப்பதும், நரம்பு வலி என்று மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவதும் இதனால்தான் நேர்கின்றன. சாதாரண முகவாதம் ஓரிரு நாள்களில் திடீரென முழுமையாகத் தோன்றி, பெரும்பாலோருக்கு வாரங்களில் தேறத் தொடங்கும். வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடுவதும், மூன்று மாதங்களாகியும் சிறிதும் தேறாமல் இருப்பதும் வேறு காரணத்தைத் தேடச் சொல்லும் அடையாளங்கள்.

இதைவிடக் கவலை தருவது, நரம்பில் நோய் ஏறியவர்களில் கணிசமானோருக்குத் தொடக்கத்தில் எந்த அறிகுறியும் இருப்பதில்லை என்பது. பத்தில் மூன்று, நான்கு பேர் வரை அப்படி இருக்கக்கூடும் என்று மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. அவர்களின் நிலையை அறிய ஸ்கேன் படத்தையும், திசுப் பரிசோதனை அறிக்கையையும் விட்டால் வேறு வழியில்லை.

படம் எப்படிப் பேசுகிறது?

சிடி ஸ்கேன் எக்ஸ் கதிர்களைக் கொண்டு எடுக்கப்படுவது. எலும்பைக் காட்டுவதில் அதற்கு இணை இல்லை. தாடை எலும்பு அரிக்கப்பட்டிருக்கிறதா என்பதை அது விரைவாகவும் குறைந்த செலவிலும் சொல்லிவிடும். ஆனால் நரம்பைப் பொருத்தவரை அதற்கு ஒரு வரம்பு உண்டு. நரம்பு பருத்து, அது கடந்து செல்லும் துளை விரிந்த பிறகே சிடி அதை உறுதியாகக் காட்டும். அதற்குள் நோய் வெகுதூரம் போயிருக்கும்.

எம்ஆர்ஐ, காந்தப்புலத்தையும் வானொலி அலைகளையும் பயன்படுத்தி, உடலில் உள்ள நீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்களின் சமிக்ஞையைப் படமாக்குகிறது. இந்த நுட்பத்துக்காக பால் லாட்டர்பர், பீட்டர் மேன்ஸ்ஃபீல்டு இருவருக்கும் 2003-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. மென்திசுக்களின் வேறுபாட்டை இதைப்போலத் துல்லியமாகக் காட்டும் கருவி வேறில்லை.

நரம்பு வழிப் பரவலைத் தேடும் மருத்துவருக்கு இங்கே எதிர்பாராத ஒரு துணை கிடைக்கிறது. அதுதான் கொழுப்பு. கபாலத் துளைகளின் வாயிலிலும், மேல்தாடைக்குப் பின்னுள்ள பள்ளத்திலும் நரம்பைச் சுற்றி இயற்கையாகவே சிறிது கொழுப்பு இருக்கும். எம்ஆர்ஐயின் ஒரு வகைப் படத்தில் இந்தக் கொழுப்பு பளிச்சென்று வெண்மையாகத் தெரியும். புற்று அங்கே வந்துவிட்டால் அந்த வெண்மை மறைந்து சாம்பல் நிறமாகிவிடும். வலப்பக்கத் துளையில் வெண்மை இருந்து, இடப்பக்கத்தில் இல்லையென்றால், பயிற்சி பெற்ற கண்ணுக்கு அதுவே போதுமான எச்சரிக்கை.

அடுத்து, கடோலினியம் கலந்த மருந்தை ரத்தநாளத்தில் செலுத்திப் படம் எடுப்பார்கள். நோயுற்ற நரம்பு இந்த மருந்தை ஏற்றுப் பருத்து ஒளிர்ந்து தெரியும். சிக்கல் என்னவென்றால், கொழுப்பும் வெண்மை, ஒளிரும் நரம்பும் வெண்மை. வெள்ளைச் சுவரில் வெள்ளைச் சுண்ணக்கட்டியால் எழுதியதுபோல் ஆகிவிடும். எனவே, கொழுப்பின் சமிக்ஞையை மட்டும் அடக்கிவிட்டு எடுக்கும் சிறப்பு முறையைக் கையாள வேண்டும். மெல்லிய நரம்பைப் பார்ப்பதால் படத்தின் அடுக்குகளும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவான தடிமனில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கிருந்து எங்கு வரை எடுப்பது என்பது முக்கியம். நரம்பு வழியே போகும் நோய், சில வேளைகளில் நடுவே ஒரு பகுதி இயல்பாகத் தோன்ற, அதற்கு அப்பால் மீண்டும் தென்படும். கட்டி இருக்கும் இடத்தை மட்டும் படம் பிடித்தால் போதாது. மூளைத்தண்டிலிருந்து முகவாய் வரை நரம்பின் முழுப் பாதையும் படத்தில் அடங்க வேண்டும். படிப்பவரும் பாதையை முழுமையாகப் பின்தொடர வேண்டும். மறைமுகத் தடயங்களும் உண்டு. மெல்லும் தசைகள் ஒரு பக்கத்தில் மட்டும் மெலிந்து கொழுப்பேறியிருந்தால், அந்தத் தசையை இயக்கும் நரம்பு செயலிழந்திருக்கிறது என்று பொருள்.

பெட் ஸ்கேன் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். மூளை இயல்பாகவே குளுக்கோஸை மிகுதியாக உட்கொள்வதால், பெட் படத்தில் அது எப்போதும் ஒளிர்ந்துகொண்டிருக்கும். அதை ஒட்டிய மெல்லிய நரம்பின் சிறு மாற்றம் அந்த ஒளியில் மறைந்துபோகலாம். ஒவ்வொரு கருவிக்கும் அதற்கென ஒரு பணி உண்டு. விலை கூடியது எல்லாவற்றுக்கும் விடை சொல்லிவிடாது.

எம்ஆர்ஐக்கும் எல்லை இருக்கிறது. நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் அளவிலான நரம்பு ஊடுருவலை அதனால் காட்ட இயலாது. ஆகவே ‘ஸ்கேனில் ஒன்றுமில்லை’ என்ற சொல்லுடன், அறுவை சிகிச்சையில் எடுத்த திசுவின் பரிசோதனை அறிக்கையில் நரம்பு ஊடுருவல் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இந்தத் தகவலால் என்ன பயன்? சிகிச்சையின் திட்டமே இதைப் பொருத்து மாறுகிறது. எவ்வளவு தூரம் அறுத்தெடுப்பது, அறுவை சிகிச்சை பயன் தருமா, கதிர்வீச்சு கட்டியோடு நிற்பதா, நரம்பின் பாதை நெடுகக் கபால அடித்தளம் வரை தரப்பட வேண்டுமா என்பவை எல்லாம் இந்தப் படத்தை வைத்தே முடிவாகின்றன. கட்டியை முழுமையாக அகற்றியும், நரம்பில் ஒளிந்திருந்த நோய் பார்க்கப்படாமல் விடுபட்டால், அது ஓராண்டிலோ ஈராண்டிலோ கபாலத்துக்குள் தலைகாட்டும். அப்போது செய்யக்கூடியது மிகச் சொற்பம்.

ஸ்கேனின் விலையும் மதிப்பும்

அமெரிக்கப் பொருளியலறிஞர் கென்னத் ஆரோ 1963-இல் மருத்துவத்தின் பொருளியல் குறித்து எழுதிய கட்டுரை இன்றும் வகுப்பறைகளில் பயிற்றுவிக்கப்படுகிறது. மருத்துவச் சேவையை வாங்குபவருக்கும் தருபவருக்கும் இடையே தகவலில் பெரும் ஏற்றத்தாழ்வு இருப்பதால், சாதாரணச் சந்தை விதிகள் இங்கே செல்லுபடியாவதில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். தக்காளி வாங்குபவர் அழுத்திப் பார்த்து வாங்கலாம். சேலை வாங்குபவர் நூலைத் தடவிப் பார்க்கலாம். ஸ்கேன் எடுப்பவர் எதைப் பார்ப்பார்? அவர் கையில் கிடைப்பது ஓர் உறை. உள்ளே சில படங்கள், ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை.

கொழுப்பை அடக்கி, மருந்து செலுத்தி, மூளைத்தண்டு முதல் முகவாய் வரை எடுத்ததும் எம்ஆர்ஐதான். அவசரமாகக் கழுத்தை மட்டும் எடுத்ததும் எம்ஆர்ஐதான். இரண்டின் உறையும் ஒரே நிறம். ‘ஸ்கேன் எடுத்தாயிற்று’ என்ற நிம்மதியும் ஒன்றே. இரண்டாவது வகை ஸ்கேனின் கட்டணம் குறைவாக இருக்கலாம். அது தவறவிடும் நோயின் விலையைக் கூட்டிப் பார்த்தால், மிக அதிக விலை கொடுத்து வாங்கியது அதுதான் என்பது புரியும்.

இதற்குத் தீர்வு, ஊருக்கு ஒரு எம்ஆர்ஐ கருவி வைப்பது அன்று. ஒரு தகவலின் மதிப்பு, அது ஒரு முடிவை மாற்றுமா என்பதைப் பொருத்தது என்பது பொருளியல் பாடம். முகத்தில் எங்கு மரத்தாலும் எம்ஆர்ஐ எடுப்பது வீண் செலவு. பல் பிடுங்கிய பின் சில நாள் மரப்பு இருப்பது இயல்பு. மாறாக, வாய்ப் புற்றோ உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றோ உறுதியானவருக்கு மரப்பும் இருந்தால், திசு அறிக்கையில் நரம்பு ஊடுருவல் குறிப்பிடப்பட்டிருந்தால், முன்பு முகத்திலோ வாயிலோ புற்றுக்குச் சிகிச்சை பெற்றவருக்குப் புதிதாக மரப்பு தோன்றினால், காரணம் புலப்படாத மரப்போ முகவாதமோ தேறாமல் நீடித்தால், அங்கே முழுமையான எம்ஆர்ஐ அவசியம். யாருக்கு வேண்டும் என்று தெரிந்து செலவிடுவதே சிக்கனம்.

பள்ளிப்பட்டுப் பகுதியைச் சேர்ந்த ஒரு நெசவாளரின் கணக்கைப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் கட்டணம் குறைவு; முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடும் உண்டு. ஆனால், மருத்துவரைப் பார்க்க ஒரு நாள், ஸ்கேனுக்கு நாள் குறிக்க ஒரு நாள், எடுக்க ஒரு நாள், அறிக்கை வாங்க ஒரு நாள், அதைக் காட்ட மீண்டும் ஒரு நாள். ஒவ்வொரு நாளும் அவருக்கும் துணைக்கு வருபவருக்கும் கூலி இல்லை. இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கைப்பணத்தில் செய்யும் பங்கு, 2013-14-இல் 64.2 சதவீதமாக இருந்து 2021-22-இல் 39.4 சதவீதமாகக் குறைந்துள்ளதாக தேசிய சுகாதாரக் கணக்கு கூறுகிறது. வரவேற்கத்தக்க மாற்றம். எனினும் இழந்த கூலி இந்தக் கணக்கில் சேர்வதில்லை. முழுமையற்ற ஒரு ஸ்கேனை மறுபடியும் எடுக்கச் சொன்னால், அந்த ஐந்து நாள்களும் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகின்றன. பலர் மருத்துவத்தைப் பாதியில் கைவிடும் இடம் அதுவே.

செய்யக்கூடியவை

தமிழகத்துக்கு இத்துறையில் பெருமைக்குரிய மரபு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பணியாற்றி வருகிறது. 2022 ஜனவரியில் திருவள்ளூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது. எல்லைக்கு அப்பால் திருப்பதியிலும் டாடா அறக்கட்டளையின் ஆதரவுடன் புற்றுநோய் மருத்துவமனை வந்திருக்கிறது. கட்டமைப்பு இருக்கிறது, இவற்றை இணைக்கும் கண்ணிகள்தான் வலுப்பட வேண்டும்.

முதலாவது, வாய்ப் பரிசோதனை. 30 வயதுக்கு மேற்பட்டோருக்கு வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்களுக்கான பரிசோதனை தேசியத் திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. ஒரு கைவிளக்கைக் கொண்டு வாயைப் பார்ப்பது எவ்வளவு பயன் தரும் என்பதை நம் அண்டை மாநிலமே உலகுக்கு நிரூபித்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1990-களில் தொடங்கி, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு நடத்தப்பட்ட பெரும் ஆய்வின் முடிவு 2005-இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரிடையே வாய்ப் புற்று இறப்பு 34 சதவீதம் குறைந்ததாக அது காட்டியது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் பணியாளர், வாயைப் பார்ப்பதோடு ‘உதட்டிலோ கன்னத்திலோ மரத்துப்போன உணர்வு இருக்கிறதா?’ என்ற ஒரு கேள்வியையும் கேட்கலாம். எல்லையோர ஊர்களில் அதைத் தெலுங்கிலும் கேட்க வேண்டும். இதற்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை.

இரண்டாவது, ஸ்கேன் பரிந்துரைச் சீட்டு. ‘எம்ஆர்ஐ - கழுத்து’ என்ற ஒற்றை வரிக்கு ஒற்றை வரிப் பதில்தான் கிடைக்கும். ‘இடது கீழ் ஈற்றில் புற்று, இரண்டு மாதமாக இடது கீழுதடு மரத்திருக்கிறது, மூன்றாம் பிரிவு நரம்பைக் கபால அடித்தளம் வரை பார்க்கவும்’ என்று எழுதினால், படம் எடுக்கும் முறையும் படிக்கும் முறையும் மாறிவிடும். தலை, கழுத்துப் புற்றுக்கான எம்ஆர்ஐயில் எவையெல்லாம் இடம்பெற வேண்டும் என்று மாநிலம் முழுமைக்கும் ஒரே வரையறையை அரசு வகுத்து, காப்பீட்டுத் திட்டத்தில் பணம் பெறும் மையங்களுக்கு அதைக் கட்டாயமாக்கலாம். அறிக்கையிலும் நரம்புப் பாதை, கபாலத் துளைகள் பற்றித் தனி வரிகள் இருக்க வேண்டும். நோயாளியால் தரத்தை அளக்க முடியாத சந்தையில், அளக்கும் பொறுப்பு பணம் கொடுக்கும் அரசுக்கு உண்டு.

மூன்றாவது, நோயாளிக்குப் பதிலாகப் படங்கள் பயணிக்க வேண்டும். தலை, கழுத்துப் படங்களைப் படிப்பதில் தனித்தேர்ச்சி பெற்ற கதிரியல் நிபுணர்கள் பெருநகரங்களில்தான் இருக்கிறார்கள். மாவட்டத்தில் எடுத்த படத்தை இணையம் வழியாக அவர்களுக்கு அனுப்பிக் கருத்துப் பெறுவது இன்று கடினமன்று. 2012-இல் தொடங்கப்பட்ட தேசியப் புற்றுநோய் வலையமைப்பு, நாடெங்கும் உள்ள மையங்களைப் பொதுவான சிகிச்சை நெறிகளால் இணைத்திருக்கிறது. வட்ட மருத்துவமனைக்கும் அந்த வலையமைப்புக்கும் இடையே ஒரு நேரடிக் கண்ணி வேண்டும்.

நான்காவது, மாநில எல்லை. பள்ளிப்பட்டு மக்களுக்கு வசதியான மருத்துவமனை சில வேளைகளில் ஆந்திரத்தில் இருக்கிறது. எல்லைக்கு அப்பால் உள்ளவர்களுக்கு வேலூரோ சென்னையோ வசதியாக இருக்கிறது. நோய்க்கு மாநில எல்லை தெரியாது. காப்பீட்டு அட்டைக்குத் தெரியும். எல்லை மாவட்டங்களின் நோயாளிகளை ஒருவருக்கொருவர் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாட்டை இரு மாநில அரசுகளும் பேசி முடிக்க வேண்டும். அதுவரை, எந்த மருத்துவமனையில் தம் காப்பீடு செல்லும் என்பதைப் புறப்படுவதற்கு முன்பே கேட்டறிவது நல்லது. தமிழகத்தில் 104 என்ற இலவச எண்ணில் மருத்துவ ஆலோசனை கிடைக்கிறது.

ஐந்தாவது, நோயின் ஊற்றுக்கண். தமிழகத்தில் 2013 முதல் குட்கா, பான் மசாலா தடை செய்யப்பட்டுள்ளன. 2023 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தடை ஆணையை ரத்து செய்ததும், ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்ததும் நினைவிருக்கலாம். எல்லையில் மூட்டை மூட்டையாகக் குட்கா பிடிபடும் செய்திகள் இன்னும் நின்றபாடில்லை. தேவை இருக்கும்வரை கடத்தலும் இருக்கும். சோதனைச் சாவடியோடு, பழக்கத்தை விட விரும்புவோருக்கான ஆலோசனை மையமும் எல்லையோர ஊர்களில் வேண்டும்.

அரசு செய்ய வேண்டியவை இவை. குடும்பங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. வாயில் மூன்று வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறப்பதில் சிரமம் ஆகியவற்றோடு, முகத்தில் நீடிக்கும் மரப்பையும் எச்சரிக்கைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் ஒருவருக்கு அப்படி இருந்தால், ஏற்கெனவே புற்றுக்குச் சிகிச்சை பெற்றவராயின் குறிப்பாக, தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். ‘எங்கே வலிக்கிறது?’ என்றுதான் மருத்துவர் பெரும்பாலும் முதலில் கேட்பார். எங்கே மரத்திருக்கிறது, எத்தனை நாளாக, எந்தப் பக்கம் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டும். ஸ்கேனுக்கான சீட்டிலும் அந்த வரி எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதில் தயக்கம் தேவையில்லை. அது நோயாளியின் உரிமை.